ஆளுக்கொரு பாலம்

தேர்தல் முடிவு வந்த மறுநாள் காலையில் வாவிக்கு மேலே பாலம் நின்றது. அதைக் கட்டியவர் என்று யாரும் இல்லை; கட்டித் தருவேன் என்று சொன்ன பண்டுசேன முதலாளியோ படுதோல்வி அடைந்து, வெளியே முகம் காட்டாமல் தன் அரிசி ஆலைக்குள் இருந்தார்; என்றாலும் பாலம் வந்துவிட்டது, வந்தது வந்ததுதான் என்று ஆட்கள் வாயில் பற்பசை நுரையோடு கரைக்கு வந்து பார்த்து, பார்த்தாயிற்று என்பதால் வீட்டுக்குத் திரும்பித் தேத்தண்ணீர் குடித்தார்கள். செருப்போடு ஏறலாமா, கழற்றிவிட்டு ஏறவேண்டுமா என்பதுதான் அன்று காலை ஊரில் எழுந்த ஒரே சந்தேகம்.

இக்கரையில் மூன்று ஊர்கள். சங்குத்துறையில் தமிழ் ஆட்கள், பாவாமுனையில் முஸ்லிம் ஆட்கள், தெஹிகம கொலனியில் சிங்கள ஆட்கள். அக்கரையில்தான் ஆஸ்பத்திரி, சந்தை, அரசாங்க வேலை நடக்கிற கச்சேரி, பல் பிடுங்குகிற இடம், அதாவது மனிதனுக்கு அவசரமாகத் தேவைப்படுகிற எல்லாமே. நடுவில் வாவி. அதைக் கடப்பதற்குப் 'பாதை' இருந்தது. பாதை என்று அந்தப் பக்கத்தில் சொல்வது இரும்புப் பீப்பாய்களின் மேல் பலகை அடித்து, கரைக்குக் கரை கட்டிய கம்பியைப் பிடித்து இழுத்துப் போகிற மிதவையை. அதில் மோட்டார் சைக்கிளும் ஆடும், பிக்குவும் மௌலவியும், கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கரும் மீன்கூடையும் தோளோடு தோள் இடிபட்டுப் போய்வந்தார்கள். இடிபட்டதற்காக மூன்று விதமாகத் திட்டிக்கொண்டார்கள், இறங்கியதும் மறந்தார்கள், ஏனென்றால் திரும்பி வருவதற்கும் அதே பாதைதான்.

மூன்று ஊரும் முட்டிக்கொள்கிற சந்தியில் அமலதாசின் வீடு இருந்தது. அமலதாஸ் என்றால் யாருக்கும் தெரியாது, மைக் தாஸ் என்றால் ஆடு மாட்டுக்கும் தெரியும். ஓட்டோவின் கூரையில் இரண்டு லவுட்ஸ்பீக்கர்களைக் கட்டிக்கொண்டு, செத்தவர்களையும் காணாமல்போன மாடுகளையும் இலவசக் கண் பரிசோதனையையும் கோயில் திருவிழாவையும் பள்ளிவாசல் கந்தூரியையும் வெசாக் தானத்தையும் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போவது அவன் தொழில். சொல்வது மட்டுமல்ல, யாருக்காகச் சொல்கிறானோ அவர் குரலிலேயே சொல்வான். வண்ணக்கர் தண்டாயுதபாணி தொண்டையைச் செருமுகிற செருமலையும், பள்ளிவாசல் மௌலவி ஒரு சொல்லை இழுத்துவிட்டு அடுத்த சொல்லை விழுங்குவதையும், பங்குச் சுவாமி மூக்கால் பிரசங்கம் வைப்பதையும், விகாரைப் பிக்குவான ஹாமுதுருவின் அவசரமில்லாத குரலையும் அவனிடமிருந்து கேட்டவர்கள், பிறகு உண்மையான ஆளைக் கேட்கும்போது இவர் கொஞ்சம் சரியில்லையே என்று நினைத்தார்கள். மாடு காணாமல்போனால் மாட்டின் குரலிலும் சொல்வான், மாடு வந்துவிடும்.

அவனுக்கென்று ஒரு குரல் உண்டா என்பது அவன் மனைவி குசுமுக்கே திட்டமாகத் தெரியாது. அவள் கொலனிப் பெண். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவளுடைய மூத்த அண்ணன் குரலில், "குசும், அந்த மைக் தாசைக் கட்டு, நல்ல பொடியன்" என்று சிங்களத்தில் சொல்லித்தான் அவன் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டான். அண்ணன் அந்த நேரம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பலாக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். குசும் விழுந்து விழுந்து சிரித்தாள், சிரித்தபடியே அவனைக் கட்டினாள். அண்ணன்மார் பியதாசவும் சுனிலும் அன்றிலிருந்து அவளோடு பேசுவதில்லை. தான் பேசாததைப் பேசினவன் என்று பியதாச அமலதாசைப் பார்த்தால் கத்தியைத் தேடுவார், நல்லவேளையாக ஒருநாளும் கிடைக்கவில்லை.

அவர்களுடைய முதல் பிள்ளை பாதைக்குக் காத்திருந்து செத்தது. குசுமுக்கு வலி வந்தபோது பாதை அக்கரையில் நின்றது. அதை இழுத்துக்கொண்டு வந்து, ஏற்றியிருந்த சீமெந்துப் பைகளை இறக்கி, இவளை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போய்ச் சேருவதற்குள் பிள்ளை கழுத்தில் கொடி சுற்றி நீலமாகிவிட்டது. மூன்று ஊரும் அழுதது. பிறகு மூன்று ஊரும் பாதையில் ஏறிச் சந்தைக்குப் போனது. அமலதாஸ் மட்டும் பாதையில் ஏறும்போதெல்லாம் தண்ணீரைப் பார்க்காமல் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தேர்தலில் வாளிச் சின்னத்தில் நின்ற பண்டுசேன முதலாளிக்குத் தமிழ் வராது. பிரசாரம் தொடங்கிய வாரத்திலேயே தொண்டையும் கட்டிக்கொண்டதால் சிங்களமும் வரவில்லை. ஆகவே முதலாளி மேடையில் நின்று வாயை மட்டும் அசைத்தார், அமலதாஸ் மேடைக்குப் பின்னால் ஓட்டோவுக்குள் உட்கார்ந்து அவர் குரலில், ஒவ்வொரு வாக்குறுதிக்கும் முன்னால் அவர் போடுகிற இருமலையும் சேர்த்து, பேசினான். அரிசி விலை குறையும் என்றான், வேலை கிடைக்கும் என்றான், எல்லாம் வாயிலிருந்துதான் வந்தது. பாலம் என்று சொன்னபோது மட்டும் அது வேறெங்கிருந்தோ வந்தது. சங்குத்துறைக் கூட்டம் ஒரு கணம் கை தட்டாமல் நின்றது. பிறகு யாரோ கத்தினார்கள்: "மற்ற ஊருக்கும் இதைத்தானே சொல்லுவீங்க!"

அமலதாசுக்குக் கைதட்டல் வேண்டும். கை தட்டினால் வாக்கு, வாக்கு விழுந்தால் பாலம், பாலம் வந்தபிறகு அதில் யார் நடந்தால் யாருக்கென்ன என்று அவன் கணக்குப் போட்டான்.

"கெஹ்ஹ்ம்! சங்குத்துறைத் தாய்மாரே! நட்டநடு வாவியில வாற இந்தப் பாலம் உங்களுக்கு மட்டும்! உங்களுக்கும் உங்கட பிள்ளைகளுக்கும் மட்டும்! மற்ற ஆக்கள் கால் வைச்சா, வைச்ச கால் தண்ணிக்குள்ள!"

சங்குத்துறை கைதட்டி ஓய்வதற்குள் அடுத்த கூட்டம் பாவாமுனையில் தொடங்கிவிட்டது. "கெஹ்ஹ்ம்! என்ட வாப்பாமாரே, உம்மாமாரே! நட்டநடு வாவியில வாற இந்தப் பாலம் ஒங்களுக்கு மட்டும்! மத்த ஊருக்கும் பாலம் குடுத்தாலும் ஒங்கட பாலம் ஒரு முழம் ஒசரம்!" ஒரு முழம் உயரம் என்பது சங்குத்துறைக்கு எட்டிவிட்டதால் அங்கே திரும்பிப்போய் அவர்களுக்கும் ஒரு முழம் கூட்டவேண்டி வந்தது. கொலனியில் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொல்லி, முழத்தையும் சொல்லி, அதற்கும்மேல் கைதட்டல் போதாதென்று பட்டதால், "இனி இந்த வாவியில் தோணியும் ஓடாது, பாதையும் ஓடாது, அந்தக் காலம் முடிந்தது" என்று ஒரு போடு போட்டான். வீட்டுக்கு வந்து குசுமிடம் நடித்துக் காட்டியபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வயிற்றில் இரண்டாவது பிள்ளை இருப்பது அந்த வாரம்தான் தெரியவந்திருந்தது.

ஆகவே பாலம் சொன்னபடியே வந்தது. மூன்று பாலங்கள், பக்கத்தில் பக்கத்தில், கைநீட்டினால் தொடுகிற தூரத்தில். ஒவ்வொரு பாலமும் நட்டநடுவில். ஒவ்வொன்றும் மற்ற இரண்டையும்விட ஒரு முழம் உயரம். ஒவ்வொருவர் கண்ணுக்கும் தன் பாலம் மட்டும்தான் தெரியும். மற்ற ஆட்கள் வெறும் காற்றில், குடை பிடித்துக்கொண்டு, மீன் தூக்கிக்கொண்டு, பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிட்டுக்கொண்டு நடந்து போவார்கள். முதல்நாள் சங்குத்துறைத் தபால்காரர் பரமலிங்கம், பாவாமுனைத் தேத்தண்ணீர்க்கடைக் கலீல் காக்கா காற்றில் வாளியோடு வருவதைக் கண்டு, "காக்கா, ஒரு பிளேன்ரீ" என்று வழமைபோல ஓரடி எடுத்து அந்தப் பக்கம் வைத்தார். வைத்த கால் தண்ணிக்குள். தொடர்ந்து தபால்காரரும், தபால் பையும்.

"நீந்துங்க தபால்காரர், நீந்துங்க!" என்றார் கலீல் காக்கா. "பிளேன்ரீ ஆறிப் போகுது!"

அதற்குப் பிறகு ஊர் இதைப் பழகிக்கொள்ள அதிக நாள் எடுக்கவில்லை. பொலிஸ் நிலையத்தில் சமாதானக் கூட்டம் வைத்து, எல்லோரும் தத்தமது பாலத்தில் போவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்; வேறு வழி இருந்தால்தானே தீர்மானம் கடினமாகும். ஒருவன் மற்ற ஊர்க் கூட்டாளியை முதுகில் ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்தான், நடுவழியில் இருவரும் சேர்ந்து போனார்கள், கீழே. கொழும்பிலிருந்து பொறியியலாளர்கள் வந்தார்கள். ஒவ்வொருவரும் தன் பாலத்தை அளந்து, மற்ற இரண்டும் இல்லை என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு, மத்தியானம் ஒரே மேசையில் இறால் சாப்பிட்டார்கள். தேர்தலில் வென்ற எம்.பி. வந்து மூன்றையும் தானே திறந்துவைத்தார். தன் கண்ணுக்குத் தெரியாத இரண்டு பாலங்களுக்கு வெறும் காற்றைக் கத்தரிக்கோலால் வெட்டினார், படங்கள் மூன்று மொழிப் பத்திரிகையிலும் வந்தன. ஆடு மாடுகள் மூன்று பாலத்திலும் இஷ்டத்துக்குக் குறுக்கும் மறுக்குமாக நடந்தன. அவற்றிடம் யாரும் எதையும் வாக்களித்திருக்கவில்லை. தோணிகள் தண்ணீரில் இறக்கிய இடத்தில் ஆணி அடித்ததுபோல நின்றன. பாதையைக் கரையில் இழுத்துப்போட்டுப் பேருந்துத் தரிப்பிடமாக்கினார்கள். மூன்று மாதத்தில் சங்குத்துறைப் பிள்ளைகளுக்குச் சிங்களத்தில் திட்டுவது மறந்துபோயிற்று.

சிக்கல் வேறு இடத்திலிருந்து வந்தது. வண்ணக்கர் தண்டாயுதபாணி ஐயா, தன் பரம்பரையை ஆதியிலிருந்து மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர், ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறவர், வெள்ளை வேட்டியோடு தன் பாலத்தில் ஏறியபோது இடது கால் உறுதியாக நின்றது, வலது கால் கணுக்கால்வரை உள்ளே போயிற்று.

"மழைத் தண்ணி தேங்கி நிக்குது" என்றார்.

அது சித்திரை மாதம். வெயில் தலையைப் பிளந்தது. கொலனிப் பள்ளி அதிபர், இனம் கலக்கக்கூடாது என்று பத்திரிகைகளுக்கு ஓயாமல் எழுதுகிறவர், முழங்கால் வரை போனார். பாலத்தில் பள்ளம் இருப்பதாகப் பத்திரிகைக்கு எழுதினார். பாவாமுனைப் பள்ளிவாசல் பொருளாளர் இரண்டு பெருவிரல்களும் நனைந்து வந்து, தொழுகைக்குக் கால் கழுவி ஒளூச் செய்தேன் என்று சொன்னார். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எல்லோரும் கரையேறியதும் ஒரு துண்டால் கால் துடைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள், நனையாதவர்களும் துடைத்தார்கள், துடைக்காதவனை ஏன் துடைக்கவில்லை என்று பார்த்தார்கள்.

குசும் முதல் இரண்டு தடவையும் கொலனிப் பாலத்தில் கிளினிக்குக்குப் போய் வந்தாள். மூன்றாவது தடவை, வயிறு வெளியே தெரியத் தொடங்கியபோது, நாலடி வைத்ததும் பாலம் அவள் காலுக்குக் கீழே ஈரக் களிமண்ணாக இளகியது. பின்வாங்கினால் இறுகியது. முன்வைத்தால் இளகியது. கரையில் நின்ற அமலதாசிடம் திரும்பி வந்து, முழங்கால்வரை சொட்டச்சொட்ட நின்று சொன்னாள்:

"என்னைத் தாங்குது. இவரைத் தாங்கமாட்டன் எண்டுது." வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "உன்ட வாயால நீ சொன்னதுதானே. எங்களுக்கும் எங்கட பிள்ளைகளுக்கும் மட்டும் எண்டு. இது பாதிதானே எங்கட பிள்ளை."

அமலதாஸ் குந்தியிருந்து, தோளில் கிடந்த துண்டால் அவள் காலைத் துடைத்தான்.

மறுநாளிலிருந்து அவன் ஓடத் தொடங்கினான். பண்டுசேன முதலாளியிடம் போனான். அவர் தவிட்டு மூட்டைகளுக்கு நடுவில் இருந்துகொண்டு, சிங்களத்தில், "வென்றவன் வாக்குறுதி நடக்கவில்லை என்றால் கேட்கலாம். தோற்றவன் வாக்குறுதி நடந்துவிட்டது என்று இதுவரை யாராவது முறைப்பாடு செய்திருக்கிறார்களா?" என்று கேட்டார். வென்ற எம்.பி.யிடம் போய் நாலாவது பாலம் கேட்டான். "உங்கட ஆக்களுக்கு எத்தனை வாக்கு?" என்றார் எம்.பி. "ஒண்டு" என்றான். "ஆனா இன்னும் பிறக்கேல்ல." எம்.பி. பதினெட்டு வயதானதும் வந்து சந்திக்கச் சொன்னார்.

பிறகு ஓட்டோவைக் கரையில் நிறுத்தி, லவுட்ஸ்பீக்கரை வாவிப் பக்கம் திருப்பி, முதலாளியின் குரலில் இருமி, "எனது பாலங்களைத் திரும்பப் பெறுகிறேன்" என்றான். பாலங்கள் அசையவில்லை. எம்.பி. குரலில் சொன்னான், வண்ணக்கர் குரலில், மௌலவி குரலில், ஹாமுதுரு குரலில், சுவாமியின் மூக்கால். ஒரு மாடு வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

கலீல் காக்கா தேத்தண்ணீர் வாளியை இறக்கிவைத்தார். "தம்பி, தாறன் எண்டு சொன்னா மனிசனுக்கு ஒரு ஆசை வரும், அந்த ஆசையில ஒண்டு நடக்கும். திருப்பி எடுக்கன் எண்டா? அது அவனுகள் எப்பவும் செய்யிறதுதானே. பாலத்துக்கு அதில என்ன புதினம் இரிக்கி?"

அப்படியே மாதம் நிறைந்தது. வாவியைச் சுற்றிப் போகிற காட்டு வழியில் யானையும் குழியும் இருந்ததால் ஓட்டோவுக்கு அரைநாள் பிடிக்கும். என்றாலும் வலி வருவதற்கு முன்பே அப்படிக் கூட்டிப்போவது என்று தீர்மானித்து அமலதாஸ் பெற்றோலும் அடித்துவைத்திருந்தான். வலி அவனைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. சந்தை நாளன்று காலை, மூன்று பாலங்களிலும் சனம் நிரம்பி வழிந்த நேரத்தில், குசும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு "அனே அம்மே" என்று உட்கார்ந்தாள்.

பாவாமுனையிலிருந்து மருத்துவிச்சி சுலைஹா வந்தாள். மூன்று ஊரிலும் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள், ஆகையால் அவள் யாருக்கும் மரியாதை கொடுப்பதில்லை. பார்த்தாள், தொட்டாள், முகம் மாறியது.

"இவனுக்கும் கொடி சுத்தித்தான் கிடக்குப் போல. இஞ்ச வைச்சுக்கொண்டு என்னால ஏலா. காட்டு வழியும் ஏலா. அக்கரைக்குத்தான்."

"எந்தப் பாலத்தில ராத்தா?" என்றான் அமலதாஸ். அது அவன் சொந்தக் குரலாகத்தான் இருக்கவேண்டும்; யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

சுலைஹா குசுமையும் வயிற்றையும் மாறிமாறிப் பார்த்தாள், கல்யாண வீட்டில் இறைச்சி பங்கு போடுகிறவளைப்போல. "தலையும் நெஞ்சும் காலும் அவங்கட. வயித்தில பாதி உங்கட. அப்ப ஒரு பாலத்தால எப்படிப் போறது? ரெண்டாலயும்தான் போகணும். கதவைக் கழட்டு."

"எந்தக் கதவை?"

"பள்ளிவாசல் கதவையா கழட்டச் சொல்றன்? உன்ட வீட்டுக் கதவை! அதில இவளைக் குறுக்கால கிடத்து. ஒரு பக்கம் கொலனிப் பாலத்தில ரெண்டு பேர் பிடிக்கட்டும், மத்தப் பக்கம் உங்கட பாலத்தில ரெண்டு பேர். அவங்கட பாரம் அவங்கட பக்கம், உன்ட பாரம் உன்ட பக்கம். விழுந்தா எல்லாரும் விழுவம், எனக்கு நீந்தத் தெரியும்."

கொலனிப் பக்கத்துக்கு இரண்டு பேர். கரையில் சனம் கூடிவிட்டது, ஆனால் ஆளையாள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பியதாச பலாக்காய் விற்க வந்தவர், பலாக்காயைக் கீழே வைத்தார். சுனிலையும் பார்க்கவில்லை, அமலதாசையும் பார்க்கவில்லை. கதவின் ஒரு மூலையைப் பிடித்தார். சுனில் மற்ற மூலையை. "நங்கி, கண்ணை மூடு" என்று தங்கையிடம் சொன்னார் பியதாச. கல்யாணத்துக்குப் பிறகு அவர் அவளோடு பேசிய முதல் சொற்கள் அவை; குசும் கண்ணைத் திறந்து, அது புருசனுடைய வேலைதானா என்று அமலதாசின் வாயைப் பார்த்தாள். வாய் மூடியிருந்தது. பிறகுதான் கண்ணை மூடினாள்.

சங்குத்துறைப் பக்கத்தில் அமலதாஸ் ஒரு மூலை. கதவின் நாலாவது மூலை நிலத்தில் கிடந்தது. ஆட்கள் இருந்தார்கள், பரமலிங்கம் தண்ணீரைப் பார்த்தார், அவர் ஏற்கெனவே ஒருமுறை போய் வந்தவர். மற்றவர்கள் வண்ணக்கரைப் பார்த்தார்கள், ஏனென்றால் மற்ற ஊர் ஆட்களோடு சேர்ந்து தூக்குவதெல்லாம் பாலத்துக்குத் தீட்டு என்று போன வாரம்தான் அவர் கோயிலில் சொல்லியிருந்தார். குசும் ஒரு சத்தம் போட்டாள். வண்ணக்கர் தண்டாயுதபாணி ஐயா தொண்டையைச் செருமினார், அமலதாஸ் செருமுவதைவிடக் கொஞ்சம் குறைவாக. வேட்டியை மடித்துக் கட்டினார். குனிந்து நாலாவது மூலையைப் பிடித்தார்.

அப்படித்தான் அவர்கள் வாவியில் ஏறினார்கள். ஒவ்வொரு பாலமும் மற்றதைவிட ஒரு முழம் உயரம் என்பதால் கதவு எந்தப் பக்கமும் சரியாமல் மட்டமாகப் போயிற்று. தன் பாலத்தில் கூடவே வந்த சுலைஹா, வெறும் காற்றில் நின்று குசுமின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா, வேகமா!" என்று எல்லோருக்கும் கட்டளை போட்டாள். பாலம் இளகியது, ஆனால் விடவில்லை. இரண்டு பக்கமும் முனகிக்கொண்டு தாங்கியது. கரைத் தண்ணீர் முடிந்து ஆழத் தண்ணீர் தொடங்குகிற இடத்தில் வண்ணக்கரின் வலது கால் வழமைபோல உள்ளே போயிற்று. இந்தமுறை பாரத்தோடு. கதவு அவர் பக்கம் சாய்ந்தது, குசும் சறுக்கினாள், வண்ணக்கர் காலை இழுத்து, வேறு வழியில்லாமல் வலப்பக்கம் அகட்டி வைத்தார்.

கால் நின்றது.

எதிரே தேத்தண்ணீர் வாளியோடு வந்துகொண்டிருந்த கலீல் காக்கா நின்று, குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் ஒரு குத்தலும் இல்லாமல், "ஐயா, உங்கட வலது கால் எங்கட பாலத்தில நிக்குது" என்றார்.

வண்ணக்கர் தன் காலைப் பார்த்தார். தன் பரம்பரையில் மனப்பாடமாகச் சொல்கிற பெயர்களில் ஒன்றை அவர் எப்போதும் கொஞ்சம் அவசரமாகச் சொல்லிக் கடப்பார் என்பது அமலதாசுக்கு அப்போது ஞாபகம் வந்தது. அந்த அவசரத்தையும் சேர்த்தே அவன் இத்தனை நாள் நடித்துக் காட்டியிருந்தான்.

"நிக்குதுதானே?" என்றார் வண்ணக்கர். "பிறகென்ன பார்த்துக்கொண்டு நிக்கிறீங்க? நடங்கோடா!"

ஒரு கால் ஒரு பாலத்திலும் மறுகால் மறுபாலத்திலுமாக, அகட்டி அகட்டி, நண்டைப்போல அவர் நடந்தார். எல்லோரையும்விட உறுதியாக நடந்தார்.

நடு வாவியில் பிள்ளை வந்துவிட்டது. அக்கரை தெரிந்தது, ஆஸ்பத்திரிக் கூரை தெரிந்தது, ஆனால் பிள்ளை அதையெல்லாம் பார்க்கவில்லை. சுலைஹாவின் விரல்கள் போய்க் கழுத்துக் கொடியைத் தளர்த்தி எடுக்க, பெண்பிள்ளை, நீலமாக, அவள் இரண்டு கைக்குள் வழுக்கி விழுந்தது. அந்தக் கணம் சுலைஹாவின் பாலத்துக்குத் தான் யாரைத் தாங்குகிறோம் என்று தெரிந்துவிட்டது. முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று அவள் இறங்கினாள், கையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பிடிங்கடா! யாராவது பிடிங்க!" என்று கத்தினாள். நாலு பேரின் கையிலும் கதவு. கதவில் குசும். அமலதாஸ் வாயைத் திறந்தான். கெஞ்சுவதற்கு உலகத்தில் யாருடைய குரலும் மிச்சமில்லை. தண்ணீர் சுலைஹாவின் கழுத்துக்கு வந்தது, கை தாழ்ந்தது, பிள்ளையின் குதிகால் வாவியில் பட்டது.

பட்டு, அங்கேயே நின்றது. பிள்ளை தண்ணீரின்மேல் பாயில் கிடத்தியதுபோலக் கிடந்தது. அந்தத் தண்ணீரைப் பற்றி யாரும், எந்த மேடையிலும், யாருக்கும் எதையும் சொல்லியிருக்கவில்லை.

சுலைஹா இரண்டு தரம் மூச்சு வாங்கினாள். பிறகு, மேசை கிடைத்துவிட்டது என்பதுபோல, வாவியின்மேல் வைத்தே பிள்ளையின் முதுகைத் தேய்த்து, வாயைத் துடைத்து, கொடியைக் கட்டி அறுத்து, ஒரு அடி போட்டாள். பிள்ளை நீலத்திலிருந்து சிவப்புக்கு வந்து கத்தியது. மூன்று பாலத்திலும் இருந்த தாய்மார் எல்லோரும் தங்கள் பிள்ளை கத்துவதாக நினைத்துத் திரும்பினார்கள்.

குசும் இப்போது கொலனிப் பாலத்துக்குப் பாரமில்லை. பியதாச அவளை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டு அக்கரைக்கு ஓடினார், பின்னால் சுனில். சுலைஹா நீந்திக்கொண்டே பிள்ளையை முன்னால் தள்ளிக்கொண்டு போனாள். தோணி ஓடாத வாவியில் அந்தப் பிள்ளை ஒன்று மட்டும் ஓடியது. வண்ணக்கரும் அமலதாசும் வெறும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"கதவைத் திரும்ப நிலையில பூட்டுறதா?" என்று வண்ணக்கர் கேட்டார்.

"இருக்கட்டும் ஐயா" என்றான் அமலதாஸ்.

பிள்ளைக்கு நீரஜா என்று பெயர் வைத்தார்கள், இரண்டு பக்கத்து மாமாமாரும் சிரமமில்லாமல் கூப்பிடக்கூடிய பெயர். பாலங்கள் அப்படியே இருந்தன, ஆட்களும் அப்படியேதான், எல்லோரும் தத்தமது பாலத்தில் போய்வந்தார்கள், கரையேறியதும் கால் துடைத்தார்கள். வண்ணக்கர் மட்டும் துடைப்பதை விட்டுவிட்டு, இரண்டு பாலத்தில் அகட்டி நடந்து, நடுவில் நின்று கலீல் காக்காவிடம் பிளேன்ரீ குடித்தார். நீரஜா பாலங்களுக்குக் கீழே தண்ணீரின்மேல் ஓடி விளையாடினாள். பேச்சு வந்தபோது அது ஒரு குரலில் வரவில்லை, அப்பனுடைய பிள்ளை.

அடுத்த தேர்தலுக்குப் பண்டுசேன முதலாளி மறுபடியும் வந்தார், மறுபடியும் தொண்டை கட்டியிருந்தது. தன் குரலில் பேசும்படி அமலதாசைக் கேட்டார். "நான் இப்ப மாடு காணாமல்போனால் மட்டும்தான் சொல்றது, முதலாளி" என்றான் அவன். முதலாளி கொலனிப் பாலத்தில் ஏறி, சனம் போய்வருவதைப் பார்த்தார், இது எல்லாம் தன்னுடையது என்று கொஞ்சம் பெருமைப்பட்டார், கைப்பிடியில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தார். தண்ணீரின்மேல் ஒரு சிறுமி குந்தியிருந்து மீனுக்குப் பாண் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

"கெஹ்ஹ்ம்! ஏய் பிள்ளை!" என்றார் சிங்களத்தில், கரகரத்த தொண்டையோடு. "நீ யாருடைய ஆள்?"

நீரஜா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்.

"கெஹ்ஹ்ம்! ஏய் பிள்ளை!" என்றாள், அவருடைய இருமலோடு, அவருடைய கரகரப்போடு, வாவி முழுவதும் கேட்கும்படி. "நீ யாருடைய ஆள்?"

மூன்று பாலத்திலும் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்று, குனிந்து, தங்கள் தங்கள் காலைப் பார்த்தார்கள். பண்டுசேன முதலாளியும் பார்த்தார். புதுச் சப்பாத்து, வலது பக்கத்தில், வார் கட்டுகிற இடம்வரை, ஈரம் ஏறிக்கொண்டிருந்தது.